மினிட் புத்தகத்தில் ஒரு கையெழுத்து: கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு என்ன வேலை?

2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலில் என் சித்தி பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் வார்டு மெம்பர் ஆனார். வாக்கு எண்ணிக்கை முடிந்து வீடு திரும்பியபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. காலை ஆறு மணிக்கே வாசலில் ஆள். "குழாயில ரெண்டு நாளா தண்ணி வரல மெம்பரம்மா." பதவிப் பிரமாணம்கூட இன்னும் எடுக்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது என்று அவருக்கும் தெரியாது, வந்தவருக்கும் தெரியாது.

வார்டு மெம்பர் என்ற சொல் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது என்பது மெம்பர்களிலேயே பலருக்குத் தெரியாது. "தலைவர்தான் எல்லாம், மெம்பருக்கு ஒண்ணும் இல்லை" என்பார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன். தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகியவற்றின் சட்டமும் வழக்கமும் வேறு. அதைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு பத்தி வரும்.

முதலில் ஏணியைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகள் சுமார் 12,500. அதற்கு மேலே ஊராட்சி ஒன்றியம், அதற்கும் மேலே மாவட்ட ஊராட்சி. கிராமத்து வாக்காளர் தேர்தல் நாளில் நான்கு ஓட்டுப் போடுகிறார். 2019-ல் வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். கடைசி இரண்டிலும் கட்சிச் சின்னம் உண்டு. முதல் இரண்டும் கட்சி சார்பற்றவை என்பது சட்டம். ஆனால் எந்த வேட்பாளர் எந்தக் கட்சி என்று டீக்கடையில் கேட்டால் தெரிந்துவிடும்.

இந்த நான்கு பேரில் கடைசிப் படியில் நிற்பவர் வார்டு மெம்பர். எண்ணிக்கையில் அவர்தான் அதிகம். மாநிலம் முழுக்க ஏறக்குறைய 99,000 இடங்கள். ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து ஓர் ஊராட்சியில் 6 முதல் 15 வார்டுகள் வரை இருக்கும். 2,700 பேர் வாழும் ஊராட்சியில் 9 வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்டுக்கு 300 பேர், அதில் வாக்காளர்கள் 220 சொச்சம் இருப்பார்கள். இரண்டு மூன்று தெரு, அவ்வளவுதான். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யாருக்கு விழுந்திருக்கும் என்று வேட்பாளரே விரல்விட்டு எண்ணிவிடலாம். தோற்றுப்போனவர் அடுத்த வீட்டுக்காரர், பல இடங்களில் பங்காளி. சட்டமன்ற உறுப்பினருக்கு இல்லாத இந்தச் சங்கடம் மெம்பருக்கு ஐந்து வருஷமும் கூடவே வரும்.

இந்த அமைப்புக்கு இன்றைய வடிவம் கொடுத்தது 1992-ல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-வது திருத்தம். ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல், அதை நடத்தத் தனியாக ஒரு மாநிலத் தேர்தல் ஆணையம், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்களுக்கு இடஒதுக்கீடு, ஊரில் உள்ள வாக்காளர் எல்லோரையும் கொண்ட கிராம சபை என்று நாடு முழுமைக்குமான அடிப்படைகளை அது வைத்தது. அதையொட்டி வந்ததுதான் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அதன்படி முதல் தேர்தல் 1996-ல் நடந்தது.

உத்திரமேரூர் குடவோலையை இந்த இடத்தில் எழுதாவிட்டால் பலருக்குக் கட்டுரை எழுதிய திருப்தி வராது. முதலாம் பராந்தகன் காலத்தில், பொ.ஆ. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. ஆனால் அது பிராமணக் குடியிருப்பின் சபை. சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டும் உரியது. வாக்களிப்பு கிடையாது, குடத்திலிருந்து ஓலை எடுக்கும் குலுக்கல்தான். இன்றைய வாக்குரிமைக்கு அதை முன்னோடி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அதில் எனக்குப் பிடித்தது வேறொரு விதி. வாரியம் என்ற நிர்வாகக் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரும் அவருடைய உறவினர்களின் பெயரும் அடுத்த குடத்தில் விழக்கூடாது. இன்றைய சட்டத்திலும் அதன் சாயலில் ஒன்று இருக்கிறது. தேர்தலில் நின்றவர் வென்றாலும் தோற்றாலும் 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். தவறினால் மூன்று ஆண்டுகளுக்கு நிற்க முடியாது. சாதாரண ஆட்கள் பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். "நான்தான் தோத்துட்டேனே, எனக்கென்ன கணக்கு" என்று விட்டுவிடுவார்கள்.

நிற்பதற்கான தகுதி எளிமையானது. 21 வயது முடிந்திருக்க வேண்டும், அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். வைப்புத் தொகை 2019-ல் 200 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 100. வார்டு உறுப்பினர் செலவு செய்யலாம் என்று அனுமதித்த உச்சவரம்பு 9,000 ரூபாய். அரசு ஊழியர் நிற்க முடியாது. ஊராட்சிக்குக் கட்ட வேண்டிய வரியைக் கட்டாமல் பாக்கி வைத்திருந்தால் மனு தள்ளுபடியாகலாம். ஊராட்சியின் ஒப்பந்த வேலையில் பங்கு வைத்திருந்தாலும் தகுதி போகும். இந்தக் கடைசி விதி மைத்துனர் பெயரிலும் மச்சான் பெயரிலும் எப்படி வளைகிறது என்பது ஊருக்கு ஊர் தெரியும்.

எல்லா இடத்திலும் போட்டி நடப்பதும் இல்லை. 2019-ல் 27 மாவட்டங்களில் நடந்த தேர்தலில் 18,000-க்கும் மேற்பட்ட வார்டு உறுப்பினர்கள் போட்டியின்றி வந்தார்கள். அதில் ஊர் மனமொத்து ஒருவரைத் தேர்ந்ததும் உண்டு, நிற்க ஆளே இல்லாததும் உண்டு. கோயில் நிதிக்கு இவ்வளவு என்று பதவியை ஏலம் விட்டதாக எழுந்த புகார்களும் உண்டு. அப்படி ஏலம் விடுவது குற்றம்.

இனி வேலைக்கு வருவோம்.

அன்று காலை வந்த அந்தத் தண்ணீர்ப் புகாரையே எடுத்துக்கொள்ளலாம். ஊராட்சியின் கட்டாயக் கடமை என்று சட்டம் சொல்பவை: குடிநீர், தெருவிளக்கு, ஊராட்சிச் சாலை, சிறு பாலம், கழிவுநீர்க் கால்வாய், தெருக் கூட்டுதல், பொதுக் கழிப்பறை, சுடுகாடு அல்லது இடுகாடு. குழாயில் தண்ணீர் வராவிட்டால் மெம்பர் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரை. மோட்டாரில் காயில் போயிருக்கலாம், கேட் வால்வு இறுகியிருக்கலாம், மேல் தெருவில் யாராவது குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். அன்று நடந்தது மூன்றாவது. அதைச் சரிசெய்ய எந்த நிதியும் தேவைப்படவில்லை. சித்தியும் ஆபரேட்டரும் அந்த வீட்டு வாசலில் போய் நின்றார்கள், அவ்வளவுதான். அந்த வீட்டின் நான்கு ஓட்டு அடுத்த முறை கிடைக்காது என்று சித்தப்பா மட்டும் இரவு முழுக்கப் புலம்பினார்.

தெருவிளக்கு இன்னொரு வகை. கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையவை. பல்பும் அதை மாற்றுவதும் மின்கட்டணமும் ஊராட்சியின் பொறுப்பு. ஆகவே "விளக்கு எரியல" என்ற புகார் வந்தால், அந்த ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையா, தெருவே இருட்டா என்று பார்த்தால் யாரிடம் போவது என்று தெரிந்துவிடும்.

ஆனால் வாசலுக்கு வரும் புகார்களில் கணிசமானவை ஊராட்சிக்குத் தொடர்பே இல்லாதவை. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது வழங்கல் துறை. பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை எல்லாம் வருவாய்த் துறை. அதற்குக் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று தனிப் பாதை இருக்கிறது. வி.ஏ.ஓ. ஊராட்சி அலுவலகத்தின் ஆள் இல்லை. அவர் மெம்பருக்கோ தலைவருக்கோ கீழ்ப்பட்டவர் அல்ல. பள்ளி ஆசிரியர் வரவில்லை என்றால் கல்வித் துறை. இதையெல்லாம் "என் வேலை இல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்தவும் முடியாது, "நான் பார்த்துக்கிறேன்" என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று சரியாகச் சொல்லி அனுப்பினாலே பெரிய உதவி. மனு எழுதத் தெரிந்த ஒரு கல்லூரிப் பெண் தெருவில் இருந்தால் மெம்பருக்கு அதைவிட வேறு பலம் வேண்டாம்.

இதெல்லாம் நடையும் பேச்சும். ஓட்டுப் போடாதவர்கூட, மனமிருந்தால் செய்யலாம். மெம்பராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு மட்டுமே இருக்கும் அதிகாரம் என்ன என்று கேட்டால், என் பதில் தீர்மானம். ஊராட்சி மன்றக் கூட்டத்தில் தலைவரும் உறுப்பினர்களும் உட்கார்ந்து, ஒரு பொருளை எடுத்துப் பேசி, முடிவு செய்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். அதை ஊரில் மினிட் புத்தகம் என்பார்கள். புதிய வேலையா, பெரிய செலவா, வரி மாற்றமா, எல்லாவற்றுக்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு தீர்மானம் வேண்டும். தலைவர் நேரடியாக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்தான், நிர்வாகப் பொறுப்பும் அவருடையதுதான். ஆனாலும் ஊராட்சி என்பது தலைவர் ஒருவர் அல்ல. மன்றம்தான் ஊராட்சி. மெம்பர் தனியாக ஒரு பல்பு மாற்றவும் உத்தரவு போட முடியாது. ஒன்பது பேர் சேர்ந்து உட்காரும்போது அவர்கள்தான் அந்த ஊரின் அரசாங்கம்.

அந்த அதிகாரம் எங்கே தொலைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதவியேற்று மூன்று மாதம் கழித்து ஒருநாள் மாலை, ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் பெரிய பேரேடு ஒன்றை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்கு வந்தார். சித்தி அடுப்படியில் இருந்தார். "ஒரு கையெழுத்து மட்டும் மெம்பரம்மா, மத்தவங்க எல்லாம் போட்டுட்டாங்க." கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டார். பக்கத்தின் மேல்பாதி காலியாக இருந்ததை அவர் பார்த்தார். ஆனால் கேட்கவில்லை. படித்தவர்கள் கொண்டுவந்ததைக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தாராம். ஒரு வருடம் கழித்துக் கிராம சபையில் ஒருவர் எழுந்து, "உங்க தெருக் கால்வாய்க்கு வேலை முடிஞ்சதா தீர்மானம் இருக்கே, நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, கால்வாய் எங்கே?" என்று கேட்டார். கால்வாய் இல்லை. சித்தி அன்று பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

நடக்காத கூட்டத்துக்கு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவது ஒரு ஊரின் கதை மட்டும் இல்லை. மெம்பர்களோடு பேசினால் பத்துக்கு ஐந்து பேராவது இதைச் சொல்வார்கள். கையெழுத்தை எடுத்துவிட்டால் மெம்பர் பதவியில் மிச்சம் இருப்பது கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவது மட்டும்தான்.

ஆகவே புதிதாக வருபவர் தெரிந்துகொள்ள வேண்டிய உரிமைகள் சில உண்டு. கூட்டம் எப்போது, என்னென்ன பொருள் என்று முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்பு வர வேண்டும். ஊராட்சி நிர்வாகம் பற்றித் தலைவரிடம் கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். தன் பகுதியின் தேவை, நடக்கும் வேலையில் உள்ள குறை, ஊராட்சிச் சொத்து வீணாவது ஆகியவற்றை அவர் கவனத்துக்குக் கொண்டுவரலாம். தலைவருக்கு முறையாகத் தெரிவித்துவிட்டு, அலுவலக நேரத்தில் ஊராட்சியின் பதிவேடுகளைப் பார்வையிடலாம். மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இவை யாரும் மனமிரங்கிக் கொடுக்கும் சலுகை இல்லை, ஊராட்சிகள் சட்டம் தனி உறுப்பினருக்குக் கொடுத்திருப்பவை. ஒரு தீர்மானத்தோடு உடன்பாடு இல்லையென்றால், "எனக்குச் சம்மதம் இல்லை" என்பதையும் மினிட்டில் எழுதச் சொல்ல வேண்டும். வாயால் சொல்லிவிட்டு எழுந்து போவதில் பயன் இல்லை, மினிட்டில் ஏறாத எதிர்ப்பு நடக்காத எதிர்ப்பு. கோபித்துக்கொண்டு தொடர்ந்து கூட்டத்துக்கே வராமல் இருந்தாலோ பதவியே போகக்கூடும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தீர்மானத்தைப் படித்தும் பயனில்லை. ஊராட்சிக்குச் சொந்த வருவாய் என்றால் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்றவை. சின்ன ஊர்களில் இது மிகக் குறைவு. பெரும்பகுதி மேலிருந்து வருகிறது. மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. மத்திய நிதி ஆணைய மானியம் வேறு. பதினைந்தாவது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்கு அந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரம் என்று கட்டிப்போட்டது. மீதியில்தான் ஊர் தன் இஷ்டத்துக்கு வேலை எடுக்க முடிந்தது. "பணம் வந்திருக்கு, எங்க தெருவுக்கு ரோடு போடுங்க" என்று கேட்கிறவருக்கு, வந்த பணம் ரோடு போடக்கூடாத பணமாக இருக்கலாம் என்று விளக்குவது லேசான வேலை இல்லை.

ஊராட்சிகள் பொதுவாக மூன்று வங்கிக் கணக்குகள் வைத்திருக்கும். முதல் கணக்கு பொது நிதி. இரண்டாவது மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும். மூன்றாவது திட்ட நிதி. "ஒண்ணாம் நம்பர்ல எவ்வளவு இருக்கு?" என்று கூட்டத்தில் ஒரு மெம்பர் கேட்டுவிட்டால் அறையின் தட்பவெப்பமே மாறும். விவரம் தெரிந்த ஆள் வந்துவிட்டார் என்று அர்த்தம். பணம் வெளியே போக வேண்டுமென்றால் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டும். முன்பு காசோலையில் இரண்டு கையெழுத்து, இப்போது கணினியில் டிஜிட்டல் கையொப்பம். ஊர்ப் பேச்சில் இன்றும் அது "செக் பவர்"தான்.

அந்தத் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு மெம்பர்கள். தங்களுக்குள் ஒருவரை மறைமுக வாக்கெடுப்பில் தேர்வு செய்கிறார்கள். மெம்பராகி அவர் போடும் முதல் ஓட்டு இது. செக் பவரில் பாதி கிடைக்கும் பதவி என்பதால் இதற்குத்தான் ஊரில் உண்மையான போட்டி. 9 பேரில் 5 பேரை வேனில் ஏற்றி இரண்டு நாள் எங்கோ "டூர்" கூட்டிக்கொண்டு போய், வாக்கெடுப்பு நாளன்று காலையில் நேராக அலுவலக வாசலில் இறக்கிவிடுவார்கள். முதல் ஓட்டையே இப்படி விற்றுவிட்டவர் மீதி ஐந்து வருஷமும் எதைக் கேள்வி கேட்பார்? துணைத் தலைவர் மீது உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து இறக்கலாம். தலைவரை அப்படி இறக்க முடியாது. அவர் மீது புகார் என்றால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பில் இருக்கும் மாவட்ட ஆட்சியர் விளக்கம் கேட்டு, தாசில்தார் கூட்டும் கூட்டத்தில் மெம்பர்களின் கருத்தைப் பதிவு செய்து, பிறகு முடிவெடுப்பார். அங்கேயும் கடைசியில் மெம்பர் சொல்வது எழுத்தில் ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள்.

நகரத்தில் இந்தக் கணக்கு வேறு. 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புறத் தேர்தலில் மேயரையும் நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களையும் கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே கவுன்சிலருக்குத் தலைவரிடம் ஒரு பிடி உண்டு. கட்சியும் வெளிப்படையாக உண்டு. கிராமத்து மெம்பருக்கு அந்தப் பிடி இல்லாததால்தான் மினிட் புத்தகத்தை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மன்றத்துக்குள் குழுக்களும் இருக்கின்றன. நியமனக் குழு, வளர்ச்சிக் குழு, பணிகள் குழு, கல்விக் குழு, வேளாண்மை மற்றும் நீர்வள மேலாண்மைக் குழு. பெரும்பாலான ஊர்களில் இவை பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. பணிகள் குழுவில் மட்டும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். எஸ்டிமேட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, ஓவர்சீயர் அளவெடுக்க வரும்போது கூடவே நடந்தால், சிமெண்டு ரோட்டின் கனம் என்ன எழுதியிருக்கிறது, என்ன போட்டிருக்கிறார்கள் என்று ஒரு குச்சியை வைத்தே பார்த்துவிடலாம்.

கிராம சபை இன்னொரு அரங்கம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். மார்ச் 22 தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினமும் 2022-ல் சேர்க்கப்பட்டவை. ஊரின் வாக்காளர் யாரும் பேசலாம். 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். நல்ல மெம்பருக்கு இது சோதனை நாள் இல்லை, துணை நாள். மன்றத்தில் ஒன்பதில் ஒருவராக நின்று தோற்ற விஷயத்தை, தன் தெருவிலிருந்து முப்பது பேரை அழைத்துவந்து கிராம சபைத் தீர்மானமாகப் போட வைக்கலாம். கால்வாய் விஷயத்தில் சித்தி கடைசியில் அதைத்தான் செய்தார். அடுத்த மே 1 கூட்டத்துக்குத் தெருப் பெண்கள் மொத்தமாக வந்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் கூட்டாளிகள்தான். கால்வாய் இல்லை என்பது தீர்மானமாக எழுதப்பட்டது. எழுதி முடித்த பிறகு பக்கத்தை ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். வேலை நடக்க அதற்கப்புறமும் பதினான்கு மாதம் ஆயிற்று, அதையும் மறைக்கக் கூடாது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. நாற்காலிக்குப் பெண் வந்தார், கூடவே கணவரும் வந்தார். சுவரொட்டியில் இரண்டு படம், கூட்டத்தில் அவர் பேச்சு, இவர் கையெழுத்து. இதைச் சொல்லி இடஒதுக்கீட்டையே கேலி செய்பவர்கள் உண்டு. நான் பார்த்த வரையில் முதல் ஆண்டு கணவர் வருவார், இரண்டாம் ஆண்டு அவருக்கு வயல் வேலை இருக்கும், மூன்றாம் ஆண்டு அந்த அம்மாவுக்கே பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் எந்த அறையில் யார் என்று அத்துப்படியாகிவிடும். எல்லா இடத்திலும் அப்படி ஆகிவிடுவதில்லை. ஆகிற இடங்கள் இருக்கின்றன என்பதே எனக்குப் போதும்.

சாதி இதைவிடக் கடினமான விஷயம். மதுரை மாவட்டம் மேலவளவில் தனித்தொகுதியான ஊராட்சியில் தலைவரான முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் வழிமறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டதால் 2006 வரை பத்தாண்டுகள் முறையான தேர்தலே நடத்த முடியவில்லை. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் வெளிவந்தது. அந்தப் படத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். தலைவருக்கே இந்த நிலை என்றால், காலனி வார்டிலிருந்து வரும் மெம்பர் முதல் கூட்டத்தில் எங்கே உட்காருகிறார் என்பதும் தீர்மானம் அளவுக்கு முக்கியம்தான். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு பேச்சைத் தொடங்குங்கள் என்று அனுபவப்பட்ட ஒரு மெம்பர் புதியவர்களுக்குச் சொல்வார்.

மாற்றுத்திறனாளிகளுக்கு ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் ஒரு நியமன உறுப்பினர் இடம் தரும் திருத்தம் 2025-ல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தேர்தலில் நிற்க வழியில்லாதவர்களுக்கு இது ஒரு வாசல்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. சம்பளம் இல்லை. கூட்டத்துக்கு வந்த நாளுக்கு அமர்வுப்படி என்று ஒரு சிறு தொகை உண்டு, அன்று விட்ட கூலிக்கு அது ஈடாகாது. ஆனால் செலவு உண்டு. ஒன்றிய அலுவலகத்துக்குப் பேருந்துக் கட்டணம், மனுவோடு வருபவருக்குக் காபி, தெருவில் ஒரு சாவு விழுந்தால் மாலை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று மொய்க் கணக்கு வேறு. முழுநேரக் கூலி வேலையில் இருப்பவருக்கு இது உண்மையிலேயே பாரம். நல்லவர்கள் பலர் நிற்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல் என்பதும் காகிதத்தில் இருக்கும் அளவுக்கு நிலத்தில் இல்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் உயர் நீதிமன்ற உத்தரவால் நின்று, மூன்று வருடத்துக்கும் மேல் அரசு நியமித்த தனி அலுவலர்கள் நிர்வாகம் பார்த்தார்கள். 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரிலும், மறுசீரமைக்கப்பட்ட மாவட்டங்கள் உள்ளிட்ட மீதி ஒன்பதுக்கு 2021 அக்டோபரிலும்தான் வாக்குப்பதிவு நடந்தது. 2019-ல் வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததும் அந்த ஊராட்சிகள் மறுபடி தனி அலுவலர் கைக்குப் போயின. மெம்பர் இல்லாத ஊராட்சியிலும் மோட்டார் ஓடும், பல்பு எரியும். ஆனால் மினிட் புத்தகத்தை நிமிர்ந்து பார்த்துக் கேள்வி கேட்க, தெருவில் ஓட்டு வாங்கி வந்த ஆள் அங்கே இருக்க மாட்டார்.

அடுத்த தேர்தலில் நிற்கலாமா என்று யோசிப்பவருக்கு என் யோசனை சின்னது. உங்கள் பெயர் எந்த வார்டுப் பட்டியலில் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். வார்டு எல்லை மாறும்போது பக்கத்து வீடு வேறு வார்டுக்குப் போன கதை நிறைய உண்டு. உங்கள் வார்டு பொதுவா, பெண்களுக்கா, பட்டியலினத்தவருக்கா என்பது தேர்தலுக்கு முன் அரசிதழில் வரும். வீட்டு வரி ரசீதையும் குடிநீர்க் கட்டண ரசீதையும் தேடி ஒரு கவரில் போட்டு வையுங்கள். வரப்போகும் கிராம சபைக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து வரவு செலவு வாசிக்கும்போது குறிப்பெடுங்கள். சித்தியிடம் போனால் அவர் எடுத்து வைத்திருக்கும் மினிட் பக்கங்களின் படங்களைக் காட்டுவார். மேல்பாதி காலியாக இருந்த அந்த முதல் பக்கத்தின் படம் மட்டும் அவரிடம் இல்லை.